இடது கடைவாய்

என் மச்சான் அழகியமணவாளன் சிரிக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். ஆள் கெட்டவர் என்று இல்லை. அவரைப் பற்றி யாரும் ஒரு சொல் குறை சொல்ல முடியாது. பல்தான் காரணம். நாற்பத்திரண்டு வயதில் முப்பத்திரண்டு பல்லையும் வரிசை குலையாமல், ஒரு கறுப்புப் புள்ளி இல்லாமல் வைத்திருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா அடுப்புக்கு முன்னால் நிற்கிற மனிதருக்கு அப்படிப் பல் இருக்கலாமா? இதில் ஏதாவது நியாயம் உண்டா?

அவர் தின்கிறதை நான் பார்த்திருக்கிறேன். காலையிலிருந்து பாலைக் கிண்டிக் கிண்டிச் சுண்ட வைத்துவிட்டு, மத்தியானம் சோறு தின்று முடித்ததும் சட்டியின் அடியில் ஒட்டியிருப்பதைச் சுரண்டி எடுப்பார். கால் கிலோவுக்குக் குறையாது. சந்தனம் மாதிரி உருட்டி, நாலே வாயில் உள்ளே தள்ளிவிட்டு, ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்து, கொப்பளித்துத் துப்பிவிட்டு மறுபடியும் அடுப்புக்குப் போய்விடுவார். அதற்கப்புறம் ராத்திரிச் சோறு வரைக்கும் வாயில் ஒன்றும் போடமாட்டார். டீ கூடக் கிடையாது. பல் தேய்ப்பது காலையில் ஒரு தடவை, அதுவும் கைக்கு அகப்பட்ட பொடியில்.

நான் அப்படியா? ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் கார்டிங் பிரிவில் வேலை பார்த்தேன். காலையும் ராத்திரியும் பேஸ்ட் போட்டுப் பல் தேய்த்தேன். வாரத்துக்கு ஒரு நாள் வேப்பங்குச்சி. சோறு தின்றதும் உப்புத் தண்ணீர். டீயில் சர்க்கரை கிடையாது. கல்யாண வீட்டில் இலையில் லட்டு விழுந்தால் பக்கத்து இலைக்குத் தள்ளிவிடுவேன். இவ்வளவும் செய்து, முப்பத்தாறு வயதில் ஐந்து பல்லைப் பறிகொடுத்திருந்தேன். ஐந்தும் இடது பக்கம். சோற்றை வலது பக்கமாகவே ஒதுக்கி மென்று மென்று முகமே ஒரு பக்கம் கோணியது போல ஆகிவிட்டது. என்ன பாவம் செய்தேன் என்று கேட்க ஆள் தேடிக்கொண்டிருந்தேன்.

மில்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கார்டிங் பிரிவில் பஞ்சைச் சீவுகிற மெஷின்கள் ஓடும். அந்த இடத்தில் காற்று என்று தனியாக ஒன்று கிடையாது, பறக்கிற பஞ்சுதான் காற்று. ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால் புருவம், மீசை, காதுமடல் எல்லாம் வெள்ளையாக இருக்கும். வெளியே படிவதைத் தட்டிவிடலாம். தொண்டைக்குள் போவதை என்ன செய்வது? அதற்கு எங்களிடம் ஒரு வழி இருந்தது. கருப்பட்டி. சங்கு ஊதி உள்ளே போனதும் சுண்டைக்காய் அளவு ஒரு துண்டை எடுத்துக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்ள வேண்டும். கடிக்கக் கூடாது. அது பாட்டுக்குக் கரையும், எச்சில் ஊறும், ஊறுகிற எச்சிலோடு தூசும் இறங்கிவிடும். கரைந்து போனால் இன்னொன்று. ஒரு ஷிப்டுக்கு ஏழெட்டுத் துண்டு ஆகும். சட்டைப் பையில் காகிதத்தில் மடித்து அது எப்போதும் இருக்கும். தின்பண்டம் என்ற நினைப்பே எங்களில் யாருக்கும் கிடையாது. வெல்டிங் வைக்கிறவன் கண்ணாடி போடுகிற மாதிரி நாங்கள் கருப்பட்டி போட்டோம்.

போடாதவன் கதியையும் பார்த்தேன். எனக்கு அடுத்த மெஷினில் நின்ற இருளப்பசாமிக்குக் கருப்பட்டி வாசனையே ஆகாது. வேண்டாம் என்று தள்ளிவிடுவான். நாற்பது வயது ஆகும் முன்னாலேயே நெஞ்சு கெட்டு, பத்தடி நடந்தால் நின்று மூச்சு வாங்கி, கடைசியில் வேலையை விட்டு வீட்டோடு உட்கார்ந்துவிட்டான். அவன் இருமுவது தெரு முனை வரைக்கும் கேட்கும். எங்கள் வீடு மில்லுக்குப் பின்புறம். ஜன்னல் கம்பியில் தினமும் பஞ்சு படிந்திருக்கும். என் மகள் ஜயலக்ஷ்மி நாலு வயதில் இரண்டு மாதம் விடாமல் இருமினாள். அவள் இருமுகிற ஒவ்வொரு தடவையும் எனக்கு இருளப்பசாமி ஞாபகம் வந்தது. பயந்துபோனேன். அன்றைக்கே அவளுக்கும் பழக்கிவிட்டேன். காலையில் பள்ளிக்கூடம் கிளம்பும்போது ஒரு துண்டு, சாயங்காலம் வந்ததும் ஒன்று, படுக்கப் போகும்போது ஒன்று. என்னைப் போலவே கன்னத்தில் ஒதுக்கச் சொல்லிக் கொடுத்தேன். இருமல் நின்றது. இந்த வேலையை மட்டும் என் மனைவி பங்கஜவல்லியிடம் விடாமல் நானே என் கையால் செய்தேன்.

எண்பத்தெட்டாம் வருஷம் ஆடிப்பூரத் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தோம். பங்கஜத்துக்கு அது பிறந்த ஊர். அப்பா அம்மா இல்லை, அண்ணன் அழகியமணவாளன்தான் எல்லாம். வருஷத்துக்கு ஒரு தடவை தேருக்கு அங்கே போவதுதான் அவளுக்குத் தீபாவளி, பொங்கல் எல்லாம். வடம் பிடித்துவிட்டு வந்து மச்சான் வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். இலையில் பால்கோவா வைத்தார்கள். ஆறு வயது ஜயா ஒரு வாய் வைத்ததும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வீல் என்று அழுதாள். வாயைத் திறந்து பார்த்தால் கடைவாயில் இரண்டு பல் கறுத்துக் குழி விழுந்திருந்தது.

எனக்கு எங்கிருந்துதான் அத்தனை ஆத்திரம் வந்ததோ. இத்தனை நாளாக மச்சான் ராஜபாளையம் வரும்போதெல்லாம் கையில் ஒரு பொட்டலத்தோடுதான் வருவார். எல்லாம் சேர்ந்து இப்படி முடிந்திருக்கிறது என்று தோன்றியது. இலையைத் தள்ளிவிட்டு எழுந்தேன். பந்தியில் இருபது பேராவது இருப்பார்கள். அவ்வளவு பேர் முன்னாலும் சொன்னேன்.

"உங்க வீட்டு இனிப்புதான் என் பிள்ளை பல்லை அரிச்சிருக்கு. ஒரு வருஷம் முழுசா இவ பல்லுல புதுசா ஒரு ஓட்டை விழாம இருக்கட்டும், அன்னைக்கு இந்த வாசலை மிதிக்கோம். அதுவரைக்கும் பங்கஜமும் வரமாட்டா."

மச்சான் கையில் கரண்டியோடு அப்படியே நின்றார். பங்கஜம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என் பின்னால் வந்தாள். பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்தபடியே இருந்தாள். ஒரு வருஷம்தானே என்று நானும் அவளைத் தேற்றவில்லை. இனிப்பை நிறுத்தினால் பல் நின்றுவிடும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நிற்கவில்லை. அதுதான் என்னைப் பைத்தியமாக்கியது. வீட்டுக்குள் சர்க்கரை டப்பாவே வைக்க விடவில்லை. பிள்ளை பாலைக் கூட வெறுமனே குடித்தது. பள்ளிக்கூட வாசலில் மிட்டாய் விற்கிற கிழவரிடம் போய், இந்தப் பிள்ளைக்கு எதையாவது விற்றால் நடக்கிறதே வேறு என்று மிரட்டிவிட்டு வந்தேன். பல் தேய்க்கும்போது பக்கத்திலேயே நின்று நூறு வரைக்கும் எண்ணச் சொன்னேன். மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை ஜயாவை வெயிலில் நிறுத்தி, வாயைத் திறக்கச் சொல்லி, ஒரு தீக்குச்சியால் ஒவ்வொரு பல்லாகத் தொட்டுப் பார்ப்பேன். பங்கஜம் வேலையை விட்டுவிட்டு வந்து நிலைப்படியில் நிற்பாள். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று என் முகத்தையே பார்ப்பாள். எட்டு மாதம் ஒன்றும் இல்லை. ஒன்பதாவது மாதம் ஒரு புள்ளி. சரி, வருஷக் கணக்கு திரும்ப முதலிலிருந்து என்றேன். அவள் உள்ளே போய்விட்டாள். அந்த ஆடிப்பூரம் போயிற்று. அடுத்த வருஷமும் இதே கதைதான்.

மச்சானுடைய பிள்ளைகள் இரண்டும் எப்படி இருந்தன என்று கேளுங்கள். பால்கோவாச் சட்டியில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள். ஒரு பல்லில் ஒரு புள்ளி கிடையாது. ஊரில் இருந்து வருகிறவர்கள் சொல்லுவார்கள், நான் பல்லைக் கடித்துக்கொள்வேன், கடிக்க வலது பக்கம்தான் இருந்தது. சிலருக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை? தின்னுகிறவனுக்கு ஒன்றும் இல்லை, தின்னாதவனுக்குச் சொத்தை. ரத்தமா, எலும்பா, அந்த ஊர்த் தண்ணீரா? பிறந்த ஊர்த் தண்ணீர் என்றால் பங்கஜத்துக்கும் பல் நன்றாகத்தான் இருந்தது. பிள்ளை மட்டும் ஏன் என்னைக் கொண்டு பிறந்தாள்?

ஒரு நாள் நான் பிள்ளைக்குக் கருப்பட்டி கொடுத்துக்கொண்டிருந்தபோது பங்கஜம் மெதுவாகக் கேட்டாள். "அதுவும் இனிப்புத்தான?"

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. இருளப்பசாமி வீட்டுக்குப் போய் செத்த நேரம் உட்கார்ந்துவிட்டு வந்து பேசச் சொன்னேன். மருந்துக்கும் தின்பண்டத்துக்கும் வித்தியாசம் தெரியாதவள் என்றேன். உன் அண்ணன் குற்றத்தை என் தலையில் கட்டப் பார்க்கிறாயா என்றும் கேட்டேன். அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

தொண்ணூறாம் வருஷத் தீபாவளிக்கு மச்சான் பிள்ளைக்குத் துணி எடுத்துக்கொண்டு வந்தார். நான் வாசலில் நின்றேன். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே பையைக் கவிழ்த்துக் காட்டினார். பாவாடைத் துணி, சேலை, ஒரு துண்டு. வேறு ஒன்றும் இல்லை என்று கையை விரித்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு இருக்கிறதே, முப்பத்திரண்டும் தெரிகிற சிரிப்பு, என்னைக் கேலி செய்வதாகத்தான் எனக்குப் பட்டது. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்கே போய்விட்டார்.

இனிப்பு வெளியிலிருந்து வரவில்லை என்றால் வீட்டுக்குள்ளிருந்துதான் வர வேண்டும். இப்படி யோசித்தேன். பங்கஜம் ஒளித்து வைத்து ஊட்டுகிறாள். அண்ணன் பாசம். அவள் தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரத்தில் அரிசிப் பானைக்குள் கையை விட்டுத் துழாவினேன். பரண் மேல் பார்த்தேன். கடைசியில் அவள் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். சேலைகளுக்கு அடியில் காகிதம் தட்டுப்பட்டது. பிடித்துவிட்டேன் என்று இழுத்தால், மூன்று போஸ்ட் கார்டு. மச்சான் எழுதியவை. மூன்றிலும் ஏறக்குறைய ஒரே விஷயம். தேர் இன்ன தேதி, மாப்பிள்ளையிடம் நல்ல வார்த்தை சொல்லிக் கூட்டிக்கொண்டு வா, வர முடியாவிட்டால் பரவாயில்லை, பிள்ளை பல் எப்படி இருக்கிறது என்று எழுது. கடைசிக் கார்டு அந்த வருஷத்துக்கானது. தேருக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

படித்துவிட்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? கார்டை மோந்து பார்த்தேன். இனிப்பு வாசனை வருகிறதா என்று. வரவில்லை. நிமிர்ந்து பார்த்தால் பங்கஜம் குடத்தோடு நிற்கிறாள். பார்த்துவிட்டாள். குடத்தை இறக்கி வைத்துவிட்டு, கார்டுகளை என் கையிலிருந்து வாங்கி, மறுபடி சேலைக்கு அடியில் வைத்து மூடினாள். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கமாக இருந்ததால் சத்தம் போட்டேன்.

தொண்ணூற்றொன்றாம் வருஷத் தேர் அன்றைக்கு மில்லில் பாதிப் பேர் லீவு. எங்கள் வீட்டில் பங்கஜம் வழக்கம்போலச் சோறு பொங்கினாள். மறுநாள் காலையில் ஜயாவின் இடது கன்னம் பன் மாதிரி வீங்கி, கண் பாதி மூடிக் கிடந்தது. ஒன்பது வயதுப் பிள்ளை அழக்கூடத் தெம்பில்லாமல் முனகியது.

பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு மருந்துக்கடை மாடியில் புதிதாகப் பல் டாக்டர் வந்திருப்பதாகச் சொன்னார்கள். மளிகைக் கடை பீர் மைதீன் மகள் ஜெய்னப். மெட்ராஸில் படித்துவிட்டு வந்த சின்னப் பெண். இந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும் என்று எண்ணிக்கொண்டேதான் படி ஏறினேன். தெருவெல்லாம் லாரிப் புழுதி. நடந்து வரும்போதே பிள்ளை இருமினாள் என்று ஒரு துண்டு கொடுத்திருந்தேன். நானும் ஒன்று போட்டுக்கொண்டேன்.

டாக்டரம்மா ஜயாவைச் சாய்வு நாற்காலியில் படுக்க வைத்து, விளக்கைத் திருப்பி, ஒரு சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்தது. பிறகு ஒரு இடுக்கியை எடுத்து, வீங்கிய கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவில் விட்டு, பழுப்பு நிறத்தில் ஒரு துண்டை வெளியே எடுத்து, வெள்ளைத் தட்டில் வைத்தது.

"இது என்ன?"

"கருப்பட்டி" என்றேன்.

எப்போது கொடுத்தது, ஒரு நாளைக்கு எத்தனை, எத்தனை வருஷமாக என்று ஒவ்வொன்றாகக் கேட்டது. நானும் மறைக்காமல் சொன்னேன். மறைக்க அதில் என்ன இருக்கிறது? காலையில், சாயங்காலம், படுக்கும்போது. ஐந்து வருஷமாக. பஞ்சுத் தூசுக்கு என்றும் விளக்கினேன். இனிப்பு என்று ஒன்றை இந்தப் பிள்ளை மூன்று வருஷமாகக் கண்ணால் பார்த்ததில்லை என்று சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

டாக்டரம்மா என்னைப் பார்த்தது. "நீங்களும் செத்த வாயைத் திறங்க."

எனக்கா என்றேன். திறங்க என்றது. திறந்தேன். அதே இடுக்கி. அதே இடம். இன்னொரு துண்டு, கொஞ்சம் பெரியது, என் வாயிலிருந்து வந்து தட்டில் பிள்ளையுடைய துண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. இரண்டும் ஈரமாகப் பளபளத்தன. சுவரோரம் பெஞ்சில் இருந்த பங்கஜம் எழுந்து வந்து தட்டைப் பார்த்தாள்.

"உங்களுக்கும் இடப்பக்கம் ஒரு கடைவாய்ப் பல் கூட இல்ல. வலப்பக்கம் அம்புட்டும் இருக்கு" என்றது டாக்டரம்மா. "எதுனாலன்னு நீங்க யோசிச்சதே இல்லையா?"

இது மருந்தும்மா என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. நெஞ்சுக்கு என்ன செய்கிறதோ தனக்குத் தெரியாது, ஆனால் இது மருந்து என்று பல்லுக்குத் தெரியாது என்றது அந்தப் பெண். தூசுக்கு மூக்கில் துணியைக் கட்டுங்கள், தண்ணீர் குடியுங்கள் என்றது. எனக்குத் தோற்றுப்போக மனசு வரவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஆள் இருக்கிறார், தினமும் கால் கிலோ பால்கோவா தின்கிறார், அவர் பல்லுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை, அதற்குப் பதில் சொல்லுங்கள் என்று சத்தமாகவே கேட்டேன். மூன்று வருஷமாக நெஞ்சில் கிடந்த கேள்வி.

"எப்பெப்பத் திங்காரு?" என்றது.

மத்தியானம் சோற்றுக்கு அப்புறம், ஒரே தடவை என்றேன். பிறகு? தண்ணீர் குடித்துக் கொப்பளிப்பார். பிறகு? ராத்திரி வரைக்கும் ஒன்றும் தின்னமாட்டார். சொல்லிக்கொண்டு வரும்போதே என் கண் தட்டில் கிடந்த இரண்டு துண்டுக்கும் போயிற்று.

"எம்புட்டு தின்னாருங்கறது பெருசு இல்ல அண்ணாச்சி. எத்தனை தடவை, எம்புட்டு நேரம் வாயில நிக்குதுங்கறதுதான் பெருசு. இனிப்பு பட்டா வாயில இருக்கிற கிருமி அதைப் புளிக்க வைக்கும். அந்தப் புளிப்பு பல்லைக் கரைக்கும். எச்சில் வந்து அதைக் கழுவி, பல்லைத் திரும்பத் தேத்திக் கொண்டாற அரை மணி, ஒரு மணி நேரம் ஆகும். அவரு ஒரு தடவை தின்னுட்டு நாள் பூரா பல்லுக்கு ஓய்வு குடுக்காரு. நீங்க ஒரு நிமிஷம் குடுக்கல. பிள்ளைக்குப் படுக்கும்போது வேற குடுத்திருக்கிய. தூங்கும்போது எச்சிலே ஊறாது. விடிய விடிய அந்தப் பல்லு அதுலேயே கிடந்து ஊறியிருக்கு."

எல்லாம் பழக்கம் மட்டும் இல்லை என்றும் சொன்னது. சிலருக்குப் பல்லே கெட்டியாக அமைந்திருக்கும், சிலருக்கு எச்சில் நிறைய ஊறும், சிலர் பல்லில் குழி ஆழம் இருக்காது. உங்கள் மச்சானுக்குக் கொடுத்து வைத்தது எவ்வளவு, பழக்கம் எவ்வளவு என்று அவர் வாயைப் பார்க்காமல் சொல்ல முடியாது என்றது. அவர் வாயை யாரும் பார்க்க வேண்டியதே இல்லை, நானே பத்து வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

பல்லை எடுத்தால்தான் சீழ் வடியும் என்றது. சரி, எடுங்கள், பால் பல்தானே, முளைத்துவிடும் என்றேன். டாக்டரம்மா தலையை ஆட்டியது. "இது பால் பல்லு இல்ல. ஆறு வயசுல முளைச்ச பல்லு. இது போனா இனி முளைக்காது."

மரத்துப்போகிற ஊசி போட்டு எடுத்தார்கள். ஜயா என் கையைப் பிடிக்கவில்லை, அவள் அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். கருப்பட்டியைப் பார்த்து முன்னொரு நாள் பங்கஜம் கேட்ட கேள்வியை அவள் திரும்ப ஒரு தடவை கேட்டிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். நான் மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் தாயும் மகளும் படி இறங்கிவிட்டார்கள்.

பங்கஜம் வீட்டுப் பக்கம் போகவில்லை. நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போய், நின்றுகொண்டிருந்த ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். என்னிடம் கேட்கவில்லை, வாருங்கள் என்று கூப்பிடவும் இல்லை. நான் ஓடிப்போய் ஏறினேன். பக்கத்தில் இடம் இருந்தது. உட்காரத் தைரியம் இல்லாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரமும் நின்றேன். என் கோபம் எப்போதும் ஒரு ஆளைப் பிடித்துக்கொள்ளும். அன்றைக்கு அது பஸ் முழுக்கத் தேடியும் என்னைத் தவிர ஆள் கிடைக்கவில்லை.

தேர் நிலைக்கு வந்துவிட்டிருந்தது. ரத வீதியில் மிதிபட்ட வாழைப்பழத் தோல், அறுந்த செருப்பு, ஓலை விசிறி என்று முந்தின நாள் கூட்டம் விட்டுப்போனது மட்டும் கிடந்தது. பங்கஜம் தேருக்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்றாள். கும்பிட்டாள். வடத்தைச் சுருட்டிக்கொண்டிருந்த ஆட்களைப் பார்த்தாள். பிறகு அண்ணன் வீட்டுச் சந்துக்குள் திரும்பினாள்.

மச்சான் வெறும் உடம்பில் துண்டோடு வாசலுக்கு வந்தவர், தங்கச்சியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். பிறகு பின்னால் என்னைப் பார்த்தார். "வாங்க மாப்பிள்ளை" என்றார். மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் தள்ளிவிட்ட இலையை அவர் மறந்தது போலத்தான் இருந்தது. பிள்ளையின் கன்னத்தைப் பார்த்துப் பதறினார். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். ஜயா வாயில் வைத்திருந்த பஞ்சை எடுத்துவிட்டு, குழறிக் குழறிக் கேட்டாள். "மாமா, பால்கோவா இருக்கா?"

மச்சான் முகம் சுண்டிவிட்டது. என்னைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சொன்னார். "இல்ல தாயி, சத்தியமா இல்ல. இந்த வீட்டுக்குள்ள அது வந்து மூணு வருஷமாச்சு. நான் அடுப்படியில திங்கதோட சரி. எங்க கையால குடுத்துத்தான உன் பல்லு போச்சு. பொறவு என் பிள்ளைகளுக்கு மட்டும் எப்படிக் கொண்டாந்து குடுப்பேன்?"

அவருடைய பிள்ளைகள் இரண்டும் கதவோரம் நின்று என்னை ஒரு மாதிரி பார்த்தன. பால்கோவாவை நிறுத்திய ஆள் இவர்தான் என்று அவற்றுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் பந்தியில் எழுந்து சொன்ன வார்த்தையை இந்த மனிதர் நம்பியிருக்கிறார். செய்யாத குற்றத்துக்குத் தன் வீட்டுப் பிள்ளைகள் வாயைக் கட்டியிருக்கிறார். தீபாவளிக்கு வந்து பையைக் கவிழ்த்துக் காட்டியது கேலி இல்லை, பயம்.

சட்டைப் பையில் கையை விட்டு, காகிதப் பொட்டலத்தை எடுத்து அவர் முன்னால் வைத்துப் பிரித்தேன். கடைசியாக ஒரு துண்டு கிடந்தது.

"மச்சான், உங்க பால்கோவா இல்ல. இதுதான். நான்தான் பிள்ளை வாயில போட்டேன். டாக்டர் எடுத்துக் காட்டிட்டாவ" என்றேன்.

மச்சானுக்கு ஒன்றும் விளங்கவில்லை. துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மோந்து பார்த்தார். "நல்ல கருப்பட்டிதான மாப்பிள்ளை, இதுல என்ன இருக்கு?" என்று வாயில் போட்டு, இரண்டே கடியில் நறுக் நறுக்கென்று மென்று முழுங்கிவிட்டு, செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்து, வாசலில் போய்க் கொப்பளித்துத் துப்பிவிட்டு வந்தார். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். முப்பத்திரண்டும் தெரிந்தன.

நான் சிரிக்கலாமா என்று பங்கஜத்தைப் பார்த்தேன். டாக்டர் மாடிப்படி இறங்கியதிலிருந்து வாயைத் திறக்காதவள், பிள்ளையை மடியில் சாய்த்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"அவளுக்கு ஒரு பல்லு போச்சு. எனக்கு மூணு தேர் போச்சு. இதுல எதை முளைக்க வைப்பிய?"

எனக்கு இருமல் வந்தது. கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. பையில் ஒன்றும் இல்லை.